தலைக்குத் தண்ணீர் ஊற்றாத தெரு

பள்ளி மைதானம் பிள்ளைகளுக்கு மட்டும்தான், வயது வந்தவர்கள் அங்கே வந்து கை கால் ஆட்டக் கூடாது என்று ஓர் உத்தரவு வந்திருக்கிறது. போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு ஊர்ப் பெண்களைச் சேர்த்துச் சாயங்காலப் பயிற்சி நடத்திவந்த இளம் ஆசிரியைகள் இருவர் என்னைத் தேடி வந்தார்கள். "அந்தக் காலத்துல நீங்க செஞ்சதை எழுதிக் கொடுங்க டீச்சர், மேல காட்டுறோம்" என்றார்கள். மேலே இருப்பவர்கள் படிப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் படிக்காவிட்டால் நீங்களாவது படியுங்கள். எனக்கு அலங்காரமாக எழுத வராது. வேலை பார்த்த காலமெல்லாம் வெயிலில் நின்று கத்தியே பழக்கம்.

என் கதை சின்னது. சிறு வயதிலேயே தாலி அறுந்தது. அண்ணன் வீட்டில் பாத்திரம் தேய்க்க என்னை வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். படிக்கப் போகிறேன் என்று சண்டை போட்டேன். மதராசில் டிரில் பயிற்சி முடித்துப் புதுக்கோட்டைப் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது சமஸ்தானம். பொம்பளைக்கு டிரில் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு நான் நிற்கவில்லை. விசில் ஊதினேன், பிள்ளைகள் வந்தார்கள், அவ்வளவுதான்.

உலகச் சண்டைக் காலத்தில் அந்தக் காய்ச்சல் வந்தது. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களோடு வந்தது என்றார்கள், கப்பலில் வந்தது என்றார்கள். திருச்சி, மதுரை, மதராஸ் எங்கும் இதே பேச்சு. டாக்டர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு முடக்குக் காய்ச்சல் என்று பெயர். காய்ச்சல் சில நாளில் இறங்கிவிடும். மூட்டு வலி இறங்காது. செத்தவர்களை ஊர் எண்ணியது. எழுந்திருக்காதவர்களை யாரும் எண்ணவில்லை. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் வீட்டுக்கு வீடு பாயில் கிடந்தார்கள். காய்ச்சல் போயிருந்தது, கால் மட்டும் வரவில்லை.

இதைப் பார்த்துக் கோபப்பட்டவர் ஒரே ஒருவர். சமஸ்தான ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர். ஐம்பதைத் தாண்டியவர். எந்த வெயிலிலும் கோட்டு, கையில் பாக்கெட் கடிகாரம். யார் வீட்டிலும் உட்கார மாட்டார். நாற்காலி போட்டாலும் நின்றேதான் பார்ப்பார். மற்ற டாக்டர்கள் நாடி பிடிப்பார்கள். இவர் குனிந்து முதலில் கெண்டைக்கால் சதையைப் பிடிப்பார். மாவு பிசைகிற மாதிரி இரண்டு தரம் அமுக்கிவிட்டு, "கையை ஊன்றாமல் எழுந்திரு" என்பார். எழுந்தால் "ம்." எழாவிட்டாலும் "ம்." அந்த இரண்டு "ம்"முக்கும் உள்ள வித்தியாசம் கூட இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "டீச்சர், மருந்தால ஆகிறது முடிஞ்சுபோச்சு. இனிமே டிரில்தான். ஆம்பளைகளுக்கு ஒரு மாஸ்டரைப் போட்டிருக்கேன். பொம்பளைகளை நீங்க எழுப்புங்க" என்றார்.

"பிள்ளைகளுக்குத்தான் எனக்குச் சொல்லித் தெரியும்."

"கால் கால்தான். முகத்தைப் பாக்காதீங்க. முகம் பொய் சொல்லும். காலைப் பாருங்க."

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தொடங்குவது என்று முடிவானது. பெட்ரோல் கிடைக்காத காலம். கரி எரித்து ஓட்டும் பஸ்ஸில் போய், அது நின்ற இடத்தில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்துப் போனேன். தமுக்கு அடித்தோம். காலையில் களத்துமேட்டுக்கு வாருங்கள், கால் கை பயிற்சி உண்டு, காசு கிடையாது என்று சொன்னோம். வந்தவர்கள் யார் தெரியுமா? வேடிக்கை பார்க்க ஆம்பளைகள். ஒரு பொம்பளை வரவில்லை.

வீடு வீடாக ஏறினேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில், "அடுத்த வாரம் வாரோம் டீச்சரம்மா." அடுத்த வாரம் போனால் அதற்கடுத்த வாரம். வெட்கம் என்று நினைத்து ஆம்பளைகளைக் களத்திலிருந்து விரட்டினேன். வரவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்துத் தெருவில் நின்று திட்டினேன். வரவில்லை. டாக்டர் ஒரு நாள் வந்து தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்தார். மரியாதையாகக் கேட்டார்கள். வரவில்லை.

அந்தத் தெருவில் சிகப்பாயி என்று ஒருத்தி. ஐம்பதை ஒட்டிய வயது. புருஷன் இல்லை. நடவுக்குப் போகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. அவள் குரல் கொடுத்தால் வயலில் வரிசை நகரும். அவள் பாயில் முழங்காலை மடக்கியபடி ஒருக்களித்துக் கிடந்தாள். டாக்டர் அவள் கெண்டைச் சதையைப் பிடித்தார். பிடிக்க ஒன்றும் இல்லை. முழங்காலை நீட்டப் பார்த்தார். பாதி தூரத்தில் நின்றது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்:

"நெஞ்சுல சளி கட்டியிருக்கு. தலைக்குத் தண்ணி ஊத்திடப் போறாங்க, வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆனா கால் காத்திருக்காது. இன்னும் ஒரு மாசம் இப்படியே மடங்கிக் கிடந்தா முழங்கால் மடங்கினபடியே நின்னுபோகும். அப்புறம் யாராலயும் நீட்ட முடியாது."

சொல்லிவிட்டு அவர் திருமயம் பக்கம் போய்விட்டார். அங்கேயும் இதே காய்ச்சல்.

நான் மறுபடி சிகப்பாயி வீட்டுக்குப் போனேன். மருமகள் ராக்கு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் காய்ச்சல் வந்து போயிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னடி இது, அடுத்த வாரம் அடுத்த வாரம்னு? ஒங்க அத்தை கால் போயிரும்டி. காலை நீட்டி மடக்க என்ன கேடு?"

"இன்னும் தலைக்கு ஊத்தலைங்களே டீச்சரம்மா. ஊத்தாம எப்புடி வாசப்படி தாண்டுறது? ஒடம்ப அலட்டலாமா?"

"காய்ச்சல் விட்டு மாசக்கணக்காச்சு. ஒங்க அத்தைக்கு டாக்டர் வேண்டாம்னாரு, சரி. ஒனக்கு ஊத்திக்க வேண்டியதுதானே?"

"யாரு ஊத்துறது?"

"பக்கத்து வீட்டுக்காரி."

"அவளுக்கே ஊத்தலையே."

"எதுத்த வீட்டுக்காரி?"

"அவளுக்கும் ஊத்தலை."

"இந்தத் தெருவுல யாருக்குடி ஊத்தியிருக்கு?"

ராக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. "யாருக்கும் இல்லைங்க."

அப்போதுதான் விஷயம் விளங்கியது. காய்ச்சல் விட்டவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் காய்ச்சல் முடிந்ததாகக் கணக்கு. அதுவரை பத்தியம், பாய், வாசல் தாண்டக் கூடாது. இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் அந்தத் தெருவில் இன்னொன்றும் இருந்தது. தனக்கு ஊற்றாத பெண்ணின் கை இன்னொருத்தி தலையில் படக் கூடாது, பட்டால் காய்ச்சல் இருவருக்கும் திரும்பும். முன்பெல்லாம் காய்ச்சல் வந்தால் தெருவில் நாலு பேருக்கு வரும். வராத பெண் யாராவது இருப்பாள், ஊற்றிவிடுவாள். இந்தத் தடவை ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாருக்கும் வந்துவிட்டது. காய்ச்சலுக்குப் பயந்து மற்றத் தெருப் பெண்களும் வெளியூர்ப் பெண்களும் அந்தத் தெருப் பக்கமே கால் வைக்கவில்லை. ஆகையால் முழுத் தெருவும் ஊற்ற ஆளுக்காகக் காத்துக் கிடந்தது. நான் களத்துமேட்டில் விசில் ஊதிக்கொண்டிருந்தேன்.

சிகப்பாயியின் புருஷனுக்கு அண்ணன் பெரியகருப்பன். அந்தத் தெருவில் அவர் வைத்ததுதான் சட்டம். அவரிடம் போனேன். சிகப்பாயி வீட்டுத் திண்ணையில் தெம்பாகக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கும்தானே காய்ச்சல் வந்துச்சு? நீங்க மட்டும் எப்படி நடமாடுறீங்க?"

"நான் கண்மாயில முங்கிட்டேன்ல."

"அப்ப பொம்பளைகளும் முங்கட்டும்."

"நல்லாச் சொன்னீங்க! காய்ச்சப் பொம்பளை முங்குனா ஊருக் கண்மாயி தீட்டாயிராதா?"

"நீங்க முங்கினா ஆகாதாக்கும்?"

அவர் கயிற்றை வேகமாகத் திரித்தார்.

"சரி, நீங்களே ஊத்தி விடுங்க."

"தம்பி பொண்டாட்டி தலையில நான் கை வைக்கிறதா? என்னங்க பேச்சு இது?"

"எனக்குக் காய்ச்சலே வரலை. நான் ஊத்துறேன்."

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். என் கழுத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. நல்ல காரியம். நீங்க வந்து..."

"தாலி இல்லாதவ. வாயைத் திறந்து சொல்லுங்க."

உள்ளே பாயிலிருந்து சிகப்பாயியின் குரல் வந்தது. அவ்வளவு மெலிந்த உடம்பில் அந்தக் குரல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. "ஏன் மச்சான், எங் கழுத்துல மட்டும் என்ன தொங்குது? வந்து பாத்துட்டுப் போங்க. எனக்கு அந்தம்மாவே ஊத்தட்டும். ஒங்க சட்டம் என்னை எந்திரிக்க வைக்குமா? வைக்கும்னா சொல்லுங்க, இப்படியே கெடக்கேன்."

பெரியகருப்பன் எழுந்து போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதும் எனக்கு.

டாக்டர் வேண்டாம் என்றது நினைவில் இருந்தது. அவர் பயந்தது நெஞ்சில் குளிர் ஏறும் என்று. தெரு கேட்டது தலையில் தண்ணீர். "எவ்வளவு ஊத்தினா ஊத்தினதாக் கணக்கு?" என்று ராக்குவிடம் கேட்டேன். "உச்சி நனைஞ்சாப் போதுங்க" என்றாள். அப்படியானால் சண்டையே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, நல்ல வெயிலில் வைக்கச் சொன்னேன். உச்சிப் பொழுதுக்குத் தண்ணீர் சுட்டது. சிகப்பாயியைத் தூக்கி வாசலில் மணைப்பலகையில் உட்காரவைத்தோம். கழுத்துக்குக் கீழே கம்பளியைச் சுற்றினேன். உச்சியில் மட்டும் ஊற்றினேன். ஊற்றிய கையோடு துண்டால் அழுந்தத் துடைத்தேன். சாம்பிராணிப் புகை காட்டினேன். தெரு முழுக்க வாசல்களில் பெண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

சிகப்பாயி தலையைக்கூடக் கோதிக்கொள்ளவில்லை. "ஏ ராக்கு, இங்கிட்டு வா. குனி" என்றாள். உட்கார்ந்தபடியே மருமகள் தலையில் ஊற்றினாள். ராக்கு செம்பை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து அடுத்த வீடு. பொழுது சாய்வதற்குள் தெருவே சாம்பிராணி மணத்தது. ஈரத் தலைகளோடு பெண்கள் வாசல் தாண்டி நின்றார்கள். சில பேருக்குத் தெருவைப் பார்க்கவே கண் கூசியது.

டாக்டர் திரும்பி வந்தார். செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது. சிகப்பாயியின் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து நீண்ட நேரம் கேட்டார். நான் சுவர் ஓரமாக நின்றேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய்.

"யார் ஊத்தினது?"

"நான்தான்."

"நான் வேண்டாம்னு சொன்னேன்."

"கால் ஒரு மாசம் காத்திருக்காதுன்னும் நீங்கதான் சொன்னீங்க. தலை மட்டும்தான் நனைஞ்சது. நெஞ்சுல ஒரு சொட்டு படலை."

குழாயைக் காதிலிருந்து எடுத்துச் சுருட்டினார். "இனிமே மீறுறதா இருந்தா எங்கிட்டச் சொல்லிட்டு மீறுங்க." கடிகாரத்தைப் பார்த்தார். "காலை ஆரம்பிங்க."

செய்முறையை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு இது வேண்டும். முதலில் தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி முழங்காலுக்கு ஒத்தடம். சூடு ஏறிய பிறகுதான் காலைத் தொட வேண்டும். சாக்கைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தால் முழங்கால் தன் பாரத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நாம் மேலே ஏறி அமுக்கக் கூடாது. பிறகு, "முழங்காலால தரையை அமுக்கு" என்று சொல்லி அவர்களையே அமுக்க வைக்க வேண்டும். வலிக்கும். சிகப்பாயி என்னைத் திட்டாத வசவு இல்லை. "ஒங் கையில கொள்ளி வைக்க" என்பாள். "வை, எந்திரிச்சு வந்து வை" என்பேன். ராக்கு இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பாள்.

கால் நீண்ட பிறகு எழும் பயிற்சி. அதற்குப் பிடிமானம் வேண்டும். கம்பி கேட்டு ஆஸ்பத்திரிக்கு எழுதினால் உலகச் சண்டை முடிந்த பிறகுதான் வரும். உலக்கையை எடுத்தேன். இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து நிற்பார்கள். நடுவில் பிடித்துக்கொண்டு எழ வேண்டும். முதலில் உயரத்திலிருந்து, பிறகு தாழ. உயரத்துக்கு உரல்தான் இருந்தது. அதில் உட்காரச் சொன்னதும் பெண்கள் பின்வாங்கினார்கள்.

"உரல்ல ஒக்காந்தா வீட்டுக்கு ஆகாதுங்க."

சிகப்பாயி சொன்னாள்: "உரல்ல ஒக்காந்தா காய்ச்ச வந்துச்சு நமக்கு? கவுத்துப் போடுங்கடி. கவுத்துப்புட்டா அது கல்லு."

கவிழ்த்தார்கள். உட்கார்ந்தார்கள். உரல், பிறகு மணைப்பலகை, பிறகு தரை. இதுதான் வரிசை. காலையில் வேலை ஓய்ந்து உலை இறக்கிய பிறகு களத்துமேட்டில் கூடுவோம். ஆம்பளை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. "லெஃப்ட் ரைட்" என்று சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். விட்டுவிட்டேன். நடவில் குரல் கொடுப்பது போலச் சிகப்பாயியே குரல் கொடுத்தாள். அதற்குக் கால்கள் நகர்ந்தன.

எல்லாரும் தரைக்கு இறங்கிவிட்டார்கள். சிகப்பாயி மட்டும் மணைப்பலகையைத் தாண்டவில்லை. தரையில் உட்கார்ந்தால் உலக்கையைப் பிடித்தும் பாதியில் சரிந்து விழுவாள். ஒரு நாள் விழுந்தபோது யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் அழவில்லை. உலக்கையைப் பிடுங்கி வைக்கோல் போர் மீது எறிந்தாள். "நாளைலேருந்து வரலை" என்று கத்தினாள். மணையில் ஏறி உட்கார்ந்து, அங்கிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்குப் போனாள். நான் கூப்பிடவில்லை.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் களத்தில் உட்கார்ந்திருந்தாள். தரையில். "என்ன பாக்குறீங்க? உலக்கையைப் பிடிங்க. நாத்து வளந்துருச்சு. நடவுக்கு நான் போகலைன்னா வரிசை கோணலாப் போகும்" என்றாள். அன்றும் விழுந்தாள். அடுத்த நாளும் விழுந்தாள். விழுந்துகொண்டே இருந்தாள். ஒரு நாள் விழவில்லை.

நடவு தொடங்கும் முன் டாக்டர் கடைசிப் பார்வைக்கு வந்தார். திட்டம் தொடருமா, நிற்குமா என்று அவர் சொல்வதை வைத்துத்தான் மேலே முடிவு. பெண்களை வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொருத்தி கெண்டைச் சதையையும் பிடித்தார். "கையை ஊன்றாமல் எழுந்திரு. ம். எழுந்திரு. ம்." சிகப்பாயியிடம் வந்தார். சதையைப் பிடித்தார். இப்போது பிடிக்க இருந்தது. நிமிர்ந்து நின்றார்.

சிகப்பாயி இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டாள். முன்னால் சாய்ந்தாள். முழங்கால் நடுங்கியது. எழுந்து நின்றாள்.

டாக்டர் "ம்" என்றார். கடிகாரத்தை எடுத்தார், திறக்காமல் மறுபடி பையில் போட்டார்.

சிகப்பாயி விடவில்லை. "அய்யா, நீங்க ஒருக்கா ஒக்காந்து எந்திரிங்களேன்."

"எனக்கென்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"அதத்தான் பாக்கணும்."

பெண்கள் சிரித்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வைக்கோல் போரைப் பார்த்தேன். கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். யார் வீட்டிலும் உட்காராத மனுஷர், களத்து மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எழப் பார்த்தார். முன்னால் சாய்ந்தார், பின்னால் போனார். முகம் சிவந்தது. மறுபடி சாய்ந்தார். வலது கை மெதுவாகத் தரையைத் தேடிப் போனது.

"கை! கை!" என்று அத்தனை பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். பயிற்சியில் அவர்கள் கை ஊன்றினால் நான் கத்துவது அப்படியே.

அவர் கையை இழுத்துக்கொண்டார். உட்கார்ந்தபடியே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஏ ராக்கு, உலக்கையை எடுத்துட்டு வா" என்றாள் சிகப்பாயி. ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான். "நடுவுல பிடிங்கய்யா. தொங்காதீங்க, எந்திரிங்க. மொதத் தரம் எல்லாருக்கும் அப்புடித்தான் இருக்கும்."

எழுந்தார். திட்டம் நிற்கவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை யாரும் அதில் கை வைக்கத் துணியவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் அறை மூலையில் ஓர் உலக்கை சாத்தியிருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வருஷம் நடவில் வரிசை கோணவில்லை.

இப்போது இந்த உத்தரவுக்கு வருகிறேன். வயது வந்தவர்களுக்கு மைதானம் எதற்கு என்று எழுதியவருக்கு எப்படியும் ஐம்பது வயது இருக்கும். அவரை மைதானத்துக்கு அழைத்து வாருங்கள். வாதம் வேண்டாம், மனு வேண்டாம். தரையில் உட்காரச் சொல்லுங்கள். கையை ஊன்றாமல் எழுந்துவிட்டால் நானே வந்து மைதானக் கதவைப் பூட்டுகிறேன். எழாவிட்டால் சொல்லி அனுப்புங்கள். உலக்கையின் ஒரு முனையைப் பிடிக்க எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது.